தோட்டத்துப் பதிவேடும் கணினித் தரவுத்தளமும்

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலே சங்கச் செய்யுள்களும் சமய வரலாறும் நாட்டார் வழக்காறுகளும் ஆராயப்படுவதே மரபு. அவற்றுக்கிடையே, கணினிச் சேவையகம் ஒன்று தாமதமாக இயங்கியதையும் அதனைச் செப்பஞ்செய்த முறையையும் கூறும் கட்டுரையொன்று புகுவது சிலருக்கு வியப்பளித்தல் கூடும். எனினும், பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து, கணினி விஞ்ஞானம் பயின்று, இன்று அதனையே பயிற்றிவரும் எனக்கு இவ்விரு உலகங்களும் வேறுவேறாகத் தோன்றுவதில்லை. தோட்டத்தில் ஒருவர் பிறந்ததும் உழைத்ததும் ஓய்ந்ததும் எல்லாம் வேறு யாரோ வைத்திருக்கும் பதிவேட்டிலேயே தங்கியுள்ளன. அப்பதிவேடு தாளில் இருந்த காலத்திலும் சரி, கணினிக்குட் சென்றுவிட்ட இக்காலத்திலும் சரி, அதனிடம் கேட்ட கேள்விக்கு விடை வரத் தாமதமாகுமாயின், அத்தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் பதிவேட்டை வைத்திருப்பவர் அல்லர், அதிலே எழுதப்பட்டிருப்பவரே. இக்கட்டுரை கூற விழைவது இவ்வொன்றையே.

முதலில், கணினித்துறை சாராத வாசகருக்காகச் சில அடிப்படைகளைக் கூறுதல் வேண்டும். இன்று வங்கியும் மருத்துவமனையும் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகமும் பயன்படுத்தும் தரவுத்தளங்களுட் பெரும்பாலானவை உறவுநிலைத் தரவுத்தளம் எனும் வகையைச் சார்ந்தவை. இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய எட்கர் கொட் என்பார் 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இதன் தோற்றுவாய். தரவுகளை எளிய அட்டவணைகளாக வைத்துக்கொள்வோம். பயன்படுத்துவோர் தமக்கு எது வேண்டும் என்று மட்டும் கூறட்டும். அதனை எவ்வழியாகச் சென்று எடுத்துவருவது என்பதை அமைப்பே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்தின் சாரம். அக்கருத்தைச் செயற்படுத்திக் காட்டும் பொருட்டு அதே நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்தில் ஒரு குழுவினர் 1970களில் உழைத்தனர். ஒரே விடையை அடையப் பல வழிகள் இருக்கும்போது ஒவ்வொன்றின் செலவையும் மதிப்பிட்டு மலிவானதைத் தெரிவுசெய்யும் முறையைப் பற்றிசியா செலிங்கரும் அவருடன் பணியாற்றியோரும் 1979இல் வெளியிட்டனர். கொட் 1981ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசைப் பெற்றார்.

இவ்வேற்பாட்டில் ஒரு வசதியும் ஓர் இடரும் ஒருங்கே உள்ளன. வழியைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை என்பது வசதி. வழி நம் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகிறது என்பது இடர். விடை விரைந்து வருங்காலம் வரை வழி எதுவாயினும் நமக்கென்ன? விடை தாமதிக்கும்போதுதான், அது எந்த வழியே நடந்து வருகிறது என்று கேட்க வேண்டியவராகிறோம். சேவையகத்தைச் செப்பஞ்செய்தல் என்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதேயாகும்.

வழிகளுள் முக்கியமானது அடைவு. கணினியாளர் இண்டெக்ஸ் என்பர். நூலின் ஈற்றில் வரும் சொல்லடைவை ஒத்ததாதலின் அடைவு என்றே அழைக்கலாம். சொல்லடைவு இல்லாத நூலில் ஒரு சொல்லைத் தேடுவோன் முதற் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரை புரட்டியே தீர வேண்டும். அடைவு உள்ள நூலிலோ சில நொடிகளில் உரிய பக்கத்தை அடைந்துவிடலாம். போயிங் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த பாயர், மக்ரைற் ஆகிய இருவரும் 1972இல் விரிவாக வெளியிட்ட பி-மரம் எனும் அமைப்பே இன்றைய அடைவுகளுக்கு அடிப்படை. அதன் ஆற்றலைச் சொல்வதாயின், நாற்பது இலட்சம் பதிவுகளுள் ஒன்றைக் கண்டெடுக்க மூன்று அல்லது நான்கு பக்கங்களைப் புரட்டினாற் போதும்.

இனித் தோட்டத்துப் பதிவேட்டுக்கு வருவோம். மலையகத்தின் கணக்கு முறை மிகப் பழையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோருக்கு எண் பொறித்த தகரத்துண்டொன்று அளிக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதை அவ்வெண்ணே காட்டிற்று. தோட்டத்தை அடைந்த பின் செக்ரோல் எனும் பேரேட்டில் இன்னொரு எண். பெரட்டுக் களத்தில் கூப்பிடப்படுவது பெயராயினும் கணக்கில் ஏறுவது எண்ணே. ஒரு நாள் முழுவேலைக்கு மலையக வழக்கில் 'ஒரு பேர்' என்று பெயர். குறித்த அளவு கொழுந்து சேராவிடின் 'அரைப்பேர்'. 'இந்த மாசம் எத்தனை பேர்?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும்போது அவர்கள் மனிதரை எண்ணவில்லை. உழைத்த நாள்களை எண்ணுகின்றனர். உழைப்பின் அலகுக்கே பேர் என்று பெயரிட்ட ஒரு சமூகத்தில், பேர் குறைவது வெறும் பணக் குறைவு மாத்திரமன்று.

பசறைப் பக்கத்தில், நமுனுகுலை மலை எதிரே தெரியும் ஒரு தோட்டத்தில், கொழுந்து நிறுவை சில ஆண்டுகளுக்கு முன்னர் கணினிமயமாயிற்று. மலையில் நிறுக்கும் மின்தராசு, தொழிலாளியின் எண்ணையும் கிலோவையும் கைக்கருவி வழியாக அலுவலகச் சேவையகத்துக்கு அனுப்பும். காலை, நண்பகல், மாலை என நாளொன்றுக்கு மூன்று நிறுவைகள். ஏறத்தாழ 900 தொழிலாளர், மாதத்தில் 25 நாள் வேலை எனக் கொண்டால் மாதத்துக்கு 67,500 பதிவுகள், ஆண்டுக்கு 8,10,000, ஐந்தாண்டுகளில் நாற்பது இலட்சத்துக்கு மேல். சம்பளம் மறுமாதம் பத்தாந் தேதிக்கு முன் கொடுக்கப்பட வேண்டுமாதலின், மாத முதல் வாரத்திற் சம்பளக் கணக்கு ஓடும். முதலாண்டில் அது சில நிமிடங்களில் முடிந்ததாம். ஐந்தாம் ஆண்டில் ஒரு மணித்தியாலம் எடுத்தது. அலுவலகத்தில் அதனை எவரும் பெரிதாக எண்ணவில்லை. கணக்கை ஓடவிட்டுத் தேநீர் அருந்தப் போய்வருவது வழக்கமாயிற்று.

ஆனால் மலையிலே வேறொரு முறைப்பாடு எழுந்தது. மாதத் தொடக்கத்தின் சில நாள்களில், மாலை நிறுவை சிலருக்குக் கணக்கில் ஏறவில்லை என்றனர். தராசு பரிசோதிக்கப்பட்டது, பழுதில்லை. பின்னர், எங்கும் நிகழ்வது போலவே, ஐயம் மனிதர் மேற் சென்றது. நிறுக்கும் கணக்கப்பிள்ளை தமக்கு வேண்டாதவர்களின் கொழுந்தை மறைக்கிறார் என்று லயங்களிற் பேச்சு எழுந்தது. அவரோ முப்பதாண்டு காலம் அத்தோட்டத்திற் பணியாற்றியவர். தமது நிரபராதத்தை நிறுவ அவரிடம் எந்தச் சான்றும் இருக்கவில்லை. கணினி கூறியதே இறுதியென்று கொள்ளப்பட்டது. அவ்வேளை விடுமுறைக்குச் சென்றிருந்த என்னிடம், கணினி படித்தவன் என்ற ஒரே காரணத்தால், தலைமைக் கிளாக்கர் வந்து பார்க்குமாறு கேட்டுக்கொண்டார்.

அலுவலகம் செல்லும் முன் முறைப்பாடு செய்தவர்களைக் காணச் சென்றேன். எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் வசிக்கும் பெரியம்மா ஒருவர் சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் மூன்று இலக்கங்கள் எழுதப்பட்டிருந்தன.

"எனக்கு எழுதத் தெரியாது தம்பி. தராசுல பாத்ததை மனசுல வச்சிக்கிட்டு வந்து சொல்வேன், சின்னவ எழுதிருவா. மூணாந் தேதி பொழுதுசாய எட்டு கிலோ. துண்டுல அது இல்ல. அதனால அன்னைக்கு அரைப்பேர்."

"எல்லா மாசமுமா பெரியம்மா?"

"எல்லா மாசமும் இல்ல. ஆனா மாசம் பொறந்த ஒடனதான். கணக்கப்பிள்ளை ஐயாவைச் சொல்றாங்க. நான் சொல்ல மாட்டேன். அவரு நிறுத்ததை நான் கண்ணால பாத்தேன்."

செப்பஞ்செய்தற் கலையின் முதல் விதியை அவர் எனக்குச் சொல்லிவிட்டார் என்றே கருதுகிறேன். எது தவறுகிறது என்பதற்கு முன் எப்பொழுது தவறுகிறது என்று கேட்க வேண்டும். எப்பொழுதும் தவறுவது வேறு. குறித்த வேளையில் மட்டும் தவறுவது வேறு. பின்னது, அதே வேளையில் நடைபெறும் மற்றொரு செயலைச் சுட்டி நிற்கும். பெரியம்மாவின் கலண்டரையும் அவ்வாறே எழுதி வைத்திருந்த வேறு சில குடும்பங்களின் குறிப்புகளையும் அலுவலகப் பதிவோடு ஒப்பிட்டபோது, விடுபட்ட நிறுவைகள் யாவும் சம்பளக் கணக்கு ஓடிய நாள்களிலே, அது ஓடிக்கொண்டிருந்த மாலை வேளையிலே அடங்கின.

அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு தீர்வு ஆயத்தமாக இருந்தது: சேவையகம் பழையது; விரைவான புதியதொன்றை வாங்குவோம் என்பது. கணினி தாமதிக்கும் இடமெல்லாம் முதலில் எழும் குரல் இதுவே. இதற்கு விடைகூற ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலையைவிடச் சிறந்த உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்றினால் தனி மணம் பெறும் ஊவாத் தேயிலையின் சிறப்பு உலகறிந்தது. அம்மணம் நிலைப்பதும் கெடுவதும், வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவிடுதல், உலர்த்துதல் என்னும் படிகள் தம்முள் ஒத்து நடப்பதிலேயே உள்ளன. உலர்த்தும் அடுப்பு ஈடுகொடுக்காத தொழிற்சாலையில் உருட்டும் இயந்திரத்தை இரட்டித்தால் என்னாகும்? உருட்டிய இலை அடுப்பின் முன் குவிந்து அளவுக்கு மீறிப் புளித்துப் போகும். விரைவு கூடாது, தரமும் கெடும். நல்ல டீமேக்கர் புதிய இயந்திரம் கேட்பதற்கு முன் தொழிற்சாலையை ஒருமுறை நடந்து பார்ப்பார். இலை எங்கே காத்து நிற்கிறது என்பதே அவர் தேடுவது. சேவையகத்திலும் நாம் தேடுவது அதுவே. வேலை செயலியில் நிற்கிறதா, வட்டில் நிற்கிறதா, வலையமைப்பில் நிற்கிறதா, அல்லது பிறிதொருவர் போட்ட பூட்டின் முன் நிற்கிறதா?

அத்தோட்டத்தில் இயங்கியது, 1995இல் சுவீடனில் தோன்றி இன்று உலகெங்கும் வழங்கும் மை எஸ்.கியூ.எல். எனும் தரவுத்தளம். தாமதமான வினவல்களைத் தானாகக் குறித்து வைக்கும் பதிவேடொன்று அதில் உண்டு. அது அங்கே இயக்கப்பட்டும் இருந்தது. ஆயினும் திறந்து பார்த்தபோது ஏதும் இல்லை. காரணம் எளிது. பத்து நொடிக்கு மேற்பட்ட வினவலையே தாமதமானதாக அப்பதிவேடு இயல்பாகக் கொள்ளும். சம்பளக் கணக்கோ ஒரே பெரிய வினவல் அன்று. ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியாக அனுப்பப்பட்ட 900 கட்டளைகள். ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ நான்கு நொடி. நான்கு நொடி எவர் கண்ணுக்கும் குற்றமாகத் தோன்றாது. ஆனால் தொள்ளாயிரம் நான்கு நொடிகள் சேர்ந்தால் 3,600 நொடி, ஒரு மணித்தியாலம். எல்லையைப் பத்து நொடியிலிருந்து ஒரு நொடியாகக் குறைத்தபோது மறைந்திருந்த கட்டளைகள் யாவும் வரிசையாக வெளிப்பட்டன. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒவ்வொரு நிறுவையிலும் சிறிது கழிப்பது எத்தகைய இழப்பாகும் என்பதை அறிந்த தோட்டத்து மக்களுக்கு இக்கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சிறியதை எத்தனை முறை என்று பெருக்கிப் பார்க்காதவனுக்கு அது என்றும் சிறியதாகவே இருக்கும்.

அடுத்த கேள்வி: ஒரு தொழிலாளியின் ஒரு மாதப் பதிவுகள் எழுபத்தைந்து அளவிலானவை, அவற்றை எடுக்க நான்கு நொடி ஏன்? இதற்கு விடை காண எக்ஸ்பிளெயின் எனும் கட்டளை உதவுகிறது. வினவலின் முன் அதனை இட்டால், தரவுத்தளம் தான் தெரிவுசெய்த வழியைக் கூறிவிடும். கூறிற்று. தொழிலாளியின் எண்ணுக்கு அடைவு இருந்தது. ஆனால் அது பயன்படுத்தப்படவில்லை. ஒவ்வொரு முறையும் நாற்பது இலட்சம் பதிவுகளும் முதலிலிருந்து இறுதி வரை படிக்கப்பட்டன. இதனை முழு அட்டவணை வாசிப்பு என்பர்.

அடைவு இருந்தும் ஏன் பயனில்லை? பதிவேட்டில் தொழிலாளியின் எண் எழுத்துத் தொடராக, 00457 என முற்பூச்சியங்களுடன் சேமிக்கப்பட்டிருந்தது. செக்ரோலில் அவ்வாறே எழுதும் வழக்கம் இருந்தமையால் அது பொருத்தமே. ஆனால் சம்பள நிரலோ அதனை வெறும் 457 என்னும் எண்ணாகக் கொண்டு கேட்டது. எழுத்தாகப் பார்த்தால் 457, 0457, 00457 ஆகியன மூன்று வெவ்வேறு தொடர்கள். எண்ணாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றே. எழுத்து வரிசைப்படி அமைந்த அடைவில் அவை வெவ்வேறு இடங்களிற் கிடக்கும். ஆகவே எண்ணாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு அவ்வடைவை நம்ப இயலாது. ஒவ்வொரு பதிவையும் எடுத்து எண்ணாக மாற்றி ஒப்பிட்டுப் பார்ப்பதன்றித் தரவுத்தளத்துக்கு வேறு வழியில்லை. விடை பிழையாக வரவில்லை என்பதே இங்குள்ள சூழ்ச்சி. விடை சரியாகவே வந்தது. பதிவுகள் பெருகப் பெருகத் தாமதம் மட்டும் வளர்ந்தது. போதாததற்கு, அடிக்கடி வேண்டப்படும் பக்கங்களை வைத்துக்கொள்ளும் நினைவகத் தேக்கம், நிறுவியபோது இருந்தவாறே 128 மெகாபைட் அளவில் விடப்பட்டிருந்தது. அட்டவணை அதனைப் போல் மும்மடங்கு பெருத்துவிட்டமையால் ஒவ்வொரு வாசிப்பும் வட்டுக்கே சென்றது.

இதுகாறும் கண்டது தாமதத்தின் காரணம். நிறுவைகள் காணாமற் போனதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? இங்கேதான் பூட்டு வருகிறது. ஒரு பதிவை ஒருவர் மாற்றும்போது இன்னொருவர் குறுக்கிடாதிருக்கத் தரவுத்தளம் அதனைப் பூட்டி வைக்கும். சம்பள நிரல் ஒவ்வொரு தொழிலாளியின் நிறுவைகளையும் 'கணக்கிடப்பட்டது' எனக் குறிக்கும். அடைவின் வழியே சென்றிருந்தால் அந்தத் தொழிலாளியின் பதிவுகள் மட்டுமே பூட்டப்பட்டிருக்கும். அடைவின்றி முழு அட்டவணையையும் வாசித்தமையால், வாசிக்கப்பட்ட எல்லாப் பதிவுகளும், அவற்றின் இடைவெளிகளும் பூட்டுக்குள் வந்தன. மேலும் 900 கட்டளைகளும் ஒரே கொடுக்கல்வாங்கலாகக் கட்டப்பட்டிருந்ததால், முதலாவது போட்ட பூட்டு இறுதியானது முடியும் வரை, அதாவது ஒரு மணித்தியாலம், திறக்கப்படவில்லை. அவ்வேளை மலையிலிருந்து மாலை நிறுவை வந்து பூட்டின் முன் நின்றது. இத்தரவுத்தளம் இயல்பாக 50 நொடி வரையே ஒருவரைக் காத்திருக்க விடும். அதன் பின் பிழையென்று கூறித் திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்பப்பட்டதை மீண்டும் அனுப்பும் ஏற்பாடு நிறுவை நிரலில் இல்லை. அது பிழையைத் தன் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த தொழிலாளிக்குச் சென்றது. பெரியம்மாவின் எட்டு கிலோ சென்ற வழி இதுவே. கணக்கப்பிள்ளை மறைக்கவில்லை, தராசும் பொய் சொல்லவில்லை.

புதிய சேவையகம் வாங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் பயனுடையது. அது பழையதைவிட நான்கு மடங்கு விரைவானது எனக் கொள்வோம். நான்கு நொடி ஒரு நொடியாகும், கணக்கு பதினைந்து நிமிடத்தில் முடியும், அலுவலகம் மகிழும். ஆனால் பதினைந்து நிமிடப் பூட்டின் முன்னும் ஐம்பது நொடி காத்திருந்த நிறுவை திருப்பியே அனுப்பப்படும். இழப்பு குறைந்திருக்கும், ஒழிந்திருக்காது. குறைந்த இழப்பைக் கண்டுபிடிப்பதோ மேலும் கடினமாயிருக்கும். காலம் சென்று பதிவுகள் பெருகியதும் பழைய நிலை மீளும்.

செய்த திருத்தங்கள் சிலவே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றின் பின்னும் அளந்து பார்த்தோம். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது பயன்பட்டது என்று அறிய வழியில்லை. முதலில், எண்ணை எழுத்துத் தொடராகவே கேட்குமாறு நிரலைத் திருத்தியதும் நான்கு நொடி ஒரு நொடியின் சிறு பின்னமாகச் சுருங்கிற்று. அடுத்து, தொழிலாளி எண்ணையும் தேதியையும் சேர்த்து ஒரே அடைவு அமைத்தோம். 900 தனிக் கட்டளைகளுக்குப் பதிலாக எல்லார்க்கும் ஒருங்கே கூட்டித் தரும் ஒரே வினவலை எழுதினோம். நினைவகத் தேக்கத்தை அட்டவணைக்கேற்ப விரித்தோம். ஒரு மணித்தியால வேலை ஒரு நிமிடத்துக்குள் அடங்கிற்று. ஆயினும் விரைவு மட்டும் போதாதென்று, திருப்பப்பட்ட நிறுவையை மீண்டும் மீண்டும் அனுப்பும் ஏற்பாட்டைச் சேர்த்தோம். சம்பளக் கணக்கை இரவுக்கு மாற்றினோம்.

அடைவின் பயனைக் கண்ட உற்சாகத்தில், எல்லா நிரல்களுக்கும் அடைவு வைத்துவிடலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அடைவு இலவசமாகக் கிடைப்பதன்று. புதிய நிறுவை ஒன்று வரும்போது அட்டவணையில் மட்டுமன்றி ஒவ்வோர் அடைவிலும் அதனை எழுத வேண்டும். பத்துப் பேரேடுகளில் ஒரே கணக்கை எழுதும் கிளாக்கரின் நிலை அது. எந்தக் கேள்வி அடிக்கடி கேட்கப்படுகிறதோ அதற்கே அடைவு வேண்டும். எந்தக் கேள்வி யாரால் கேட்கப்படும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதுதான் தரவுத்தள வடிவமைப்பின் உயிர்நிலை.

இழந்த கிலோக்களின் கதை முழுவதும் இன்பமாக முடியவில்லை. நிறுவை நிரலின் பிழைக் குறிப்பேட்டில் நடப்பு மாதத்துக்குரியவை இருந்தன. அவை கணக்கில் ஏற்றப்பட்டன. அதற்கு முந்திய குறிப்புகள் இடம் போதாமையால் அழிக்கப்பட்டுவிட்டன. கலண்டரில் எழுதி வைத்திருந்த குடும்பங்களுக்கு, கணக்கப்பிள்ளையின் சாட்சியத்தையும் சேர்த்துக்கொண்டு, நிருவாகம் வித்தியாசத்தைக் கொடுத்தது. அதனை மனமாரப் பாராட்டுதல் தகும். எழுதி வைக்காதவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர்களும் அதே மாலையில் அதே மலையிற் கொழுந்து பறித்தவர்களே.

இந்த இடத்தில் என் மனம் கணினியை விட்டு நீண்ட தூரம் பின்னோக்கிச் செல்கிறது. எழுதி வைத்ததைக் காட்டினால்தான் உண்டு என்னும் நிலை மலையகத்துக்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்தியர், பாக்கிஸ்தானியர் வதிவோர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழியைத் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையைக் காட்டுதல் வேண்டும். அதற்கான சான்று தோட்டத்துப் பதிவேடுகளில்தான் இருந்தது. அவையோ ஒருவரின் வாழ்வைத் தொடர்ந்து காட்டுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. மாதச் சம்பளம் கொடுப்பதற்காக எழுதப்பட்டவை. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிட்டிற்று. எஞ்சியோரின் கதி 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000, 3,00,000, பின்னர் தீர்மானிக்கப்பட வேண்டிய 1,50,000 என இலக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கும் நோக்குடன் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2003இல். இத்தாமதத்துக்குக் காரணம் பதிவேடு மட்டுமன்று. அரசியலே முதன்மைக் காரணம் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் மறுக்க விரும்பியவர் கையில், சான்றைத் தேடி எடுக்க இயலாமை ஓர் எளிய கருவியாயிற்று என்பதும் உண்மையே.

பெயர்களின் நிலையும் இதனை ஒத்ததே. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய கைகள் பல. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், செக்ரோலில் ஒரு விதம், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு விதம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்திச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும் முதியவர், இம்மூவரும் தாம் ஒருவரே என்று நிறுவ அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவதைக் காணாதார் எம்மூரில் இல்லை. 457, 00457 ஆகியன ஒன்றே என்பதை மனிதன் ஒரு நோக்கில் அறிவான். பதிவேடு அறியாது, அறியும்படி அமைத்தவர் இருந்தாலன்றி.

சில வேளைகளில் விடைக்காகக் காத்திருக்க நேரமே இருப்பதில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, நாடு முழுவதும் கேட்ட கேள்வி ஒன்றே: உள்ளே இருந்தவர் யார், யார்? காணாமற் போனோர் தொகை முதல் நாள் பெரிதாகக் கூறப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது. எந்த லயத்தில் எவர் வாழ்கின்றனர் என்பது, சம்பளத்துக்காக மட்டும் எழுதப்பட்ட ஏட்டிலிருந்து எளிதில் எடுக்கக்கூடியதன்று. அந்தக் கேள்விக்கு எவரும் அடைவு அமைத்து வைத்திருக்கவில்லை.

பதுளை நகருக்கு அண்மையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் இன்று தேயிலைத் தொழினுட்பமும் கணினி விஞ்ஞானமும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. நம் பல்கலைக்கழகங்களிற் கணினி கற்கும் தமிழ் மாணவருட் தோட்டத்து லயங்களிலிருந்து வருவோர் தொகையும் பெருகிவருகிறது. அவர்களுக்கு நான் கூற விரும்புவது, நினைவகத் தேக்கத்தின் அளவையோ அடைவின் இலக்கணத்தையோ அன்று. அவற்றைக் கைந்நூல்கள் என்னைவிட நன்றாகக் கூறும். சேவையகம் ஒன்றைச் செப்பஞ்செய்ய அழைக்கப்படும்போது, திரையின் முன் அமர்ந்திருப்பவரிடம் மட்டும் முறைப்பாட்டைக் கேட்டு நின்றுவிடாதீர்கள். அவருக்குத் தாமதம் என்பது ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரம். வரிசையின் மறுமுனையில் கூடையோடு நிற்பவரிடமும் சென்று கேளுங்கள். அவரிடம் ஒரு கலண்டர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லாதவருக்கும் பேர் குறையாத பதிவேட்டை அமைத்துக் கொடுப்பது, கணினி கற்ற நம்மால் ஆகக்கூடிய காரியமே.